பல்லாங்குழியை நாடு முழுக்கக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பல்லாங்குழி ஆடுகிறோம். ஆறு பேராகத் தொடங்கினோம். இப்போது இருபது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் "எங்கள் ஊரிலும் நடத்துங்களேன்" என்று கேட்கிறார்கள். தேசிய அளவில் ஒரு சங்கம் பதிந்து, ஆண்டுக்கொரு தேசியப் போட்டி நடத்தலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சட்டதிட்டமும் சின்னமும் தயார். ஆனால் போன மாதம் நடத்திய சின்னப் போட்டியில் இரண்டு மேசைகளில் விதி பற்றிச் சண்டை வந்து, இரண்டு பாட்டிமார் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். எதை முதலில் செய்வது? வெற்றியாளருக்குப் பணப்பரிசு கொடுக்கலாமா?
– செந்தூல் வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சின்னத்தைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். உங்கள் கடிதத்தில் பெரிய செய்தி, அந்த இரண்டு பாட்டிமார் எழுந்து போனதுதான். அவர்கள் இருவரும் தவறாக ஆடவில்லை. ஆளுக்கொரு வீட்டு விதியைச் சரியாகவே ஆடினார்கள். செந்தூலில் ஒரே மண்டபத்துக்குள் இந்தத் தகராறு என்றால், சுங்கை பட்டாணிக்காரரும் சிரம்பான்காரரும் எதிரெதிரே உட்காரும்போது என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தேசிய அளவு என்று நான் சொல்வது இதைத்தான்: நீங்கள் முகமே பார்த்திராத ஒருவர், நீங்கள் இல்லாத ஓர் ஊரில், நீங்கள் நடத்துவது போலவே ஒரு போட்டியை நடத்தி முடிக்க வேண்டும். அதற்கு மூன்று பொருள் போதும். ஒரு பக்க விதித்தாள், ஊருக்கு ஊர் அனுப்பக்கூடிய ஒரு பெட்டி, பெட்டியைத் திறந்து போட்டி நடத்தத் தெரிந்த ஆட்கள். ஆடுபவர்கள் தானாக வருவார்கள், வந்துகொண்டும் இருக்கிறார்கள். உங்களுக்குப் பஞ்சம் நடத்துபவர்களில்தான்.

விதித்தாளில் ஆறு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். குழிக்கு எத்தனை காய்? பசு, அதாவது ஓட்டத்தில் ஒரு குழியில் சேரும் 4 காய், யாருக்கு? காய் வென்ற பிறகு ஆட்டம் தொடருமா, கை மாறுமா? வென்ற குழிக்கு எதிர்க்குழியும் சேர்ந்து வருமா? ஆட்டம் முடியும்போது பலகையில் மிஞ்சிய காய் யாருக்கு? தோற்றவருடைய குழிகளை மூடிவிட்டு அடுத்த ஆட்டம் ஆடும் வழக்கம் போட்டியிலும் உண்டா? தமிழ் வீடுகளில் இந்த ஆறுக்கும் விதவிதமான விடைகள் உண்டு. எது ஆதி விதி என்ற ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். அது முடியாது, முடிந்தாலும் பயனில்லை. மேசையில் எது தகராறைக் குறைக்கும், எது 10 நிமிடத்தில் முடியும் என்று மட்டும் பாருங்கள்.

என் பரிந்துரை இது. குழிக்கு 5 காய், ஆக 14 குழிக்கு 70. காயை வலப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இட்டுச் செல்ல வேண்டும். கையிலுள்ள கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு கை மாறும். அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் இல்லாமல் கை மாறும். எதிர்க்குழி வராது. மூடிய குழி ஆட்டம் போட்டியில் கிடையாது. அது வீட்டில் மழை நாளில் ஆடுவதற்கு அருமையான ஆட்டம், ஆனால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவருக்கு அது ஒத்துவராது.

பசு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் இரண்டு மேசைச் சண்டையில் ஒன்றாவது பசுவால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது பசு, குழி யார் பக்கம் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். இதுவரை தகராறு இல்லை. ஒருவர் காய் இட்டுக்கொண்டிருக்கும்போது எதிராளி கையை நீட்டிப் பசுவை எடுக்க வருவார். இரண்டு கையும் மோதும், ஒரு காய் தெறிக்கும், எந்தக் குழியில் எத்தனை இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே நேர வரம்பை எழுதி வையுங்கள். அந்தக் குழியில் ஐந்தாவது காய் விழும்வரை, அல்லது கை மாறும்வரை பசுவைக் கேட்கலாம். அதற்குப் பிறகு கேட்க முடியாது. உரியவர் "பசு" என்று வாயால் சொல்ல வேண்டும், காய் இடுபவர் கையை நிறுத்த வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும். கையிலிருந்த கடைசிக் காயே பசுவை உண்டாக்கினாலும் பசு பசுதான். அதை எடுத்த பிறகு அடுத்த குழியை அள்ளித் தொடரலாம்.

தன் முறை வரும்போது தன் பக்கத்தில் ஒரு காயும் இல்லாதவருக்கு ஆட்டம் முடிந்தது, மிஞ்சியவை எதிராளிக்கு. கடைசியில் ஐந்தாறு காய் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து யாரும் எதையும் வெல்லாத நிலை வரக்கூடும். ஆளுக்கு 10 முறை ஆடியும் எவரும் காய் எடுக்கவில்லை என்றால் அவரவர் பக்கத்தில் உள்ளதை அவரவர் எடுத்துக்கொண்டு முடித்துவிடலாம். இந்த வரி இல்லாத விதித்தாள் ஒரு நாள் உங்களை இரவு எட்டு மணி வரை மண்டபத்தில் உட்கார வைக்கும்.

இனி முதல் ஆட்டக்காரருக்கு உள்ள சாதகம். எல்லாக் குழியிலும் 5 காய் இருக்கும்போது பலகை முழுக்க ஒரே மாதிரிதானே? ஆகவே முதலில் ஆடுபவர் எந்தக் குழியைத் தொட்டாலும் முதல் முறை ஒரே விதமாகத்தான் ஓடும். கூட்டிப் பாருங்கள். உங்கள் இடக்கோடிக் குழியை 1 என்றும், வலம்போய் எதிராளியின் கடைசிக் குழியை 14 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1-ஐ எடுத்தால் 6 வரை போகும். 7-ஐ அள்ளினால் 12 வரை. 13-ஐ அள்ளினால் சுற்றி வந்து 4 வரை. 5-ல் இப்போது 6 காய், அது 11 வரை. 12-ல் உள்ள 6 காய் மறுபடி 4 வரை. அடுத்து 5 காலி. தடவிவிட்டு 6-ல் உள்ள 7 காயை எடுக்கலாம். ஐந்து அள்ளல், 7 காய் வெற்றி, ஒவ்வொரு தடவையும். குழிக்கு 6 காய் வைத்து ஆடினாலும் முதல் வெற்றி அதே 7தான், ஆனால் இரண்டே அள்ளலில் வந்துவிடும். ஆக, முதலில் ஆடுபவர் யோசிக்காமலே 7 காய் முன்னால் நிற்கிறார். நாணயம் சுண்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இருவர் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், ஆளுக்கொரு தடவை முதல் கை. இரண்டிலும் எடுத்த காயைக் கூட்டி, 140-ல் யாருக்கு அதிகம் என்று பார்த்தால் நியாயமாக இருக்கும். 70–70 என்றால் ஆளுக்கு அரைப்புள்ளி.

இந்தத் தொடக்க ஓட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அதுவே உங்கள் நடுவர் தேர்வு. ஈப்போவில் ஒருவர் "நான் நடத்துகிறேன்" என்று முன்வந்தால், காணொளி அழைப்பில் அவரைப் பலகை முன் உட்காரச் சொல்லி 1-ஆம் குழியிலிருந்து ஆடச் சொல்லுங்கள். முடிவில் அவர் பக்கம் 1 முதல் 7 வரை 2, 8, 8, 8, 0, 0, 1 என்றும், எதிர்ப்பக்கம் 8 முதல் 14 வரை 7, 7, 7, 7, 0, 1, 7 என்றும் இருக்க வேண்டும். கையில் 7. ஒரு காய் மாறினாலும் எங்கேயோ இரண்டாக விழுந்திருக்கிறது. இந்தத் தொடக்கத்தில் பசு விழாது. ஆகவே பசுவுக்கு இரண்டாவது தேர்வு வையுங்கள். 1-ல் 2 காய், 2-ல் 3 காய், 5-ல் 6 காய், மற்றவை காலி. 1-ஐ எடுத்தால் 2-ல் பசு, 3-ல் ஒரு காய், 4 காலி, 5-ல் உள்ள 6-ம் கைக்கு வரும். மொத்தம் 10 எடுத்து, பலகையில் ஒரே ஒரு காய் மிஞ்ச வேண்டும். பசுவை விட்டுவிட்டு 6 மட்டும் எடுத்தவரை நடுவராகப் போடாதீர்கள். இன்னொரு வாரம் ஆடிவிட்டு வரட்டும்.

அடுத்து பெட்டி. இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கின் பலகை விளையாட்டுப் பொருள் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. பக்கத்துக்கு 7 குழி உள்ள பலகை அப்படியே பல்லாங்குழிக்குப் பொருந்தும். இரு கோடியிலும் உள்ள பெரிய குழிகள் வென்ற காயைப் போட்டு வைக்க உதவும். ஆனால் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள்: பக்கத்துக்கு 5, 6, 9 குழி வைத்தும் விற்கிறார்கள். பெட்டிப் படத்தை நம்பி இணையத்தில் ஆறு வாங்கி, பிரித்துப் பார்த்தால் 5 குழி என்று ஆகிவிடக் கூடாது. மடக்கும் நெகிழிப் பலகை எடை குறைவு, பேருந்தில் தூக்கிப் போகலாம். குறை என்னவென்றால் சிலவற்றில் குழி ஆழம் போதாது. ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு காய் சேரும். ஆழமில்லாத குழியில் அவை பக்கத்துக் குழிக்கு உருளும். கடையிலேயே 12 காய் போட்டுப் பலகையை லேசாக ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். மேசைமேல் ஒரு துணி விரித்தால் சத்தமும் குறையும், பலகை நழுவவும் செய்யாது.

காய்க்குச் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எது வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரே போட்டியில் எல்லா மேசையிலும் ஒரே வகை இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மஞ்சாடி இங்கே சாகா மரத்தடியில் இலவசமாகக் கிடைக்கிறது. அழகாக இருக்கும். ஆனால் சின்னது, பெரியவர்களின் விரலுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவது சிரமம், ஒட்டிக்கொண்டு இரண்டாக விழும். மூத்தோர் அதிகம் வரும் இடங்களுக்குச் சோழியே மேல். குன்றிமணியை மட்டும் பெட்டிக்குள் விடாதீர்கள். முழுச் சிவப்பு மஞ்சாடி. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி. அதிலுள்ள நஞ்சு கடுமையானது. மேல்தோல் உடைந்த ஒரு விதையைக் குழந்தை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழைய வீட்டுப் பெட்டிகளிலிருந்து யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள், வாங்கித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரு பலகைக்கு 70 காயும் 5 உபரியும் ஒரு பையில். உபரியைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் 75 காயோடு ஆடி முடிப்பார். ஆட்டத்துக்கு முன் காயைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். மஞ்சாடி நாலு சேர்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கிராம் படியுள்ள தராசு மூன்று காய் குறைந்தாலும் பேசாமல் இருக்கும். அதைவிட, 14 குழியிலும் ஐந்தைந்தாக வைக்கும் வேலையே எண்ணிக்கைதான். இரண்டு பேரும் எதிராளி பக்கத்தை ஒரு தடவை எண்ணிவிட்டுத் தொடங்கட்டும். முடிவுச் சீட்டில் இரண்டே எண்கள் எழுத வேண்டும், கூட்டினால் 70 வர வேண்டும். 69 வந்தால் மேசைக்கடியில் தேடுங்கள். 71 வந்தால் சீட்டை வாங்காதீர்கள். இந்தச் சிறு சோதனை பிழையில் பெரும்பகுதியை அங்கேயே பிடித்துவிடும்.

ஒரு பெட்டிக்கு 6 பலகை போதும், 12 பேர் ஆடலாம். மற்றபடி விதித்தாள் 6 பிரதி தமிழிலும் மலாயிலும், முடிவுச் சீட்டு 60, பேனா, ஒரு மணி. கைப்பேசியில் நேரம் வைப்பவரிடம் அழைப்பு வந்தால் நேரம் போச்சு. தனி நேரமானி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

எந்த ஊர் முதலில்? எல்லா மாநிலத்திலும் ஒரு பிரதிநிதி என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். பட்டியல் நிறைந்துவிடும், ஆட்டம் எங்கேயும் நடக்காது. மூன்று ஊர் எடுங்கள்: உங்கள் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. மூன்றும் இடிஎஸ் விரைவு ரயில் பாதையில் வருவதால் பெட்டியும் ஆளும் போய்வர முடியும். பினாங்குக்காரர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி ஏறினால் தீவு. ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க மூன்று நிபந்தனை வையுங்கள். நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் அவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் அந்த மாதம் ஆட்டம் இல்லை. மாதம் ஒரு முறை நிச்சயமாகக் கிடைக்கும் ஓர் இடம் வேண்டும். கோயில் மண்டபம், குடியிருப்போர் சங்கக் கூடம், நூலகத்து அறை எதுவானாலும் சரி. எட்டுப் பேர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் இல்லாத ஊருக்குப் பெட்டி அனுப்பினால் அது ஓர் அலமாரியில் தூங்கும். திரும்ப வாங்கவும் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

நாள் விஷயத்தில் ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமைக்கு மாறுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளிக்கூடம். பினாங்கில் போட்டி வைத்தால் பக்கத்துக் கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம் பிள்ளைகள் வராமல் யார் வருவார்? 2025 தொடங்கி ஜொகூர் சனி ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டதால், அந்தப் பக்கம் இனித் தொல்லையில்லை. எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக விடுமுறையாக அமைவது சனி மட்டும். தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தில் பினாங்கிலும் பத்துமலைப் பக்கத்திலும் எதுவும் வைக்காதீர்கள். மண்டபம் கிடைத்தாலும் ஆள் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் அப்படித்தான், பலகாரம் சுடுகிறவர்கள் எல்லாம் உங்கள் ஆட்டக்காரர்கள்தானே.

போட்டி நாளுக்கு ஒரு கணக்கு தருகிறேன். 24 பேர், 12 பலகை, அதாவது இரண்டு பெட்டி. தோற்றால் வெளியே என்ற முறை வேண்டாம். கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரம் கொமுட்டர் ரயிலில் வந்தவர் இருபது நிமிடத்தில் வீட்டுக்குப் போனால் அடுத்த தடவை வரமாட்டார். சதுரங்கத்தில் உள்ள சுவிஸ் முறையில், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்பவர்களை ஜோடி சேருங்கள். 24 பேருக்கு 5 சுற்று போதும். ஆட்டத்துக்கு 10 நிமிடம், ஜோடிக்கு இரண்டு ஆட்டம், சீட்டு எழுத 5 நிமிடம். சுற்றுகளுக்கிடையே 10 நிமிடம் விட்டால் காலை 10.30-க்குத் தொடங்கி மதியம் 1.15-க்குள் முடியும். மணி அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் முறையை முடித்துவிட்டு, வென்ற காயோடு தன் பக்கத்துக் காயையும் கூட்டி எழுத வேண்டும். சாப்பாட்டை ஐந்து சுற்றும் முடிந்த பிறகே வையுங்கள். நடுவில் வைத்தால் சாப்பிட்டுவிட்டு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள், ஜோடி சேர்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

சமப்புள்ளி வந்தால் யார் முன்னால்? அதிகக் காய் எடுத்தவர் என்று வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். முதல் சுற்றில் புதியவர் ஒருவரோடு ஜோடி சேர்ந்து காயை அள்ளிக் குவித்தவருக்கு அது இலவசப் பரிசு. அதோடு, ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியிடம் கடைசிக் காய்வரை பிடுங்கச் சொல்வதும் அதே விதிதான். எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் முறையை முதலில் வையுங்கள், காய்க்கணக்கு கடைசியில் வரட்டும்.

24 பேருக்கு, ஆடாத 5 பேர் வேண்டும். நாலு பலகைக்கு ஒரு நடுவர் வீதம் மூன்று, ஜோடி சேர்க்க ஒருவர், சீட்டு வாங்கிக் காய்ப் பையைச் சரிபார்க்க ஒருவர். "ஆள் குறைகிறது, நானும் ஒரு கை ஆடுகிறேன்" என்று நடத்துபவரே உட்கார்ந்தால் அந்தப் போட்டி கெட்டது. தன் மேசைத் தகராறுக்கு அவரே தீர்ப்பு சொல்ல முடியாதல்லவா? ஒற்றைப்படையில் ஆள் வந்தால், அந்தச் சுற்றில் ஓய்வு பெறுபவருக்கு ஒரு முழுப்புள்ளி கொடுத்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் ஓய்வு வரக் கூடாது.

தவறாகக் காய் இட்டால் நடுவர் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் உள்ள அதே பிடி முடிவதற்குள் கண்டுபிடித்தால் திருத்தலாம். அடுத்த குழியை அள்ளிய பிறகு திருத்த முடியாது. பல்லாங்குழியில் பின்னோக்கிப் போக வழியில்லை. எந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று காயில் எழுதியிருக்காது. அப்படியே தொடரட்டும். வேண்டுமென்றே செய்கிறார் என்று நடுவருக்குத் தோன்றினால் அந்த ஆட்டம் எதிராளிக்கு.

அந்தப் பாட்டிமாரை மறுபடி அழையுங்கள், ஆனால் போட்டி மேசைக்கு அல்ல. மண்டபத்தில் ஒரு மூலையில் வீட்டு விதி மேசை என்று இரண்டு பலகை தனியே போடுங்கள். மணி இல்லை, சீட்டு இல்லை. அவரவர் வீட்டில் ஆடியபடி ஆடலாம், இளையவர்கள் போய்க் கற்றுக்கொள்ளலாம். பொது விதி வந்தால் பழைய விதிகள் அழிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பதில் இந்த மேசை. அவர்கள் சம்மதித்தால் பலகையை மட்டும் மேலிருந்து ஒரு முழு ஆட்டம் படம் பிடித்து, எந்த ஊர், எந்தத் தோட்டத்து வழக்கம் என்று அவர்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள். கோபித்துப் போனவர் திரும்பி வர, அவருடைய விதிக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் 500-க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதும் ஆசை வரும். மூன்றே பள்ளிகளில் தொடங்குங்கள். தலைமையாசிரியரிடம் நேரே போவதோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவரையும் பிடியுங்கள். புறப்பாட நடவடிக்கை நேரம் ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்பதால், ஆசிரியருக்குக் கூடுதல் வேலை வராது என்று காட்டினால்தான் கதவு திறக்கும். பெட்டியை நீங்களே கொண்டு போய், நீங்களே எண்ணி எடுத்து வாருங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சொங்காக் ஆடுபவர்களையும் சேர்க்கலாமா என்று ஈப்போ நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டும் நடக்கட்டும், விதியைக் கலக்காதீர்கள். அங்கே குழிக்கு 7 வீதம் 98 காய். போகும் வழியில் தன் வீட்டிலும், அதாவது வென்ற காய் சேரும் தன் பெரிய குழியிலும், ஒரு காய் போட வேண்டும். முதல் கையை இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். பல்லாங்குழிக் கையோடு அங்கே உட்கார்ந்தால் வீட்டை மறந்து தாண்டிப் போய்விடுவீர்கள். பலகை பொது என்பதால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். சபா, சரவாக்கில் தமிழர்கள் குறைவு. அங்கே கால் வைக்க இந்தக் கூட்டுதான் வழி.

தேசியத் தரவரிசைப் பட்டியல் இப்போது வேண்டாம். செந்தூல்காரர்கள் செந்தூல்காரர்களோடும், பினாங்குக்காரர்கள் பினாங்குக்காரர்களோடும் மட்டும் ஆடிய புள்ளிகளை வைத்து இரு ஊரையும் ஒப்பிட எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. ஊர் விட்டு ஊர் போய் ஆடுவது வழக்கமான பிறகு அதை யோசிக்கலாம். முடிவுச் சீட்டுகளை மட்டும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

சங்கப் பதிவுக்கு வருகிறேன். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிந்தாக வேண்டும். பதியாமல் சங்கம் என்ற பெயரில் சந்தா வாங்குவது சட்ட விரோதம். ஆனால் பதிந்த பிறகும் வேலை ஓயாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவு ரத்தாகலாம். ஆர்வக் குழுக்கள் பல இங்கேதான் மூச்சுவிட முடியாமல் போகின்றன: ஆட்டம் நடத்தத் தெரிந்த இரண்டு பேரும் செயலாளர், பொருளாளர் ஆகிக் காகிதத்தோடு போராடுவார்கள், ஆட்டம் நின்றுவிடும். முதல் ஓராண்டுக்கு ஏற்கெனவே பதிவுள்ள ஒரு வாசகர் இயக்கத்தின் அல்லது குடியிருப்போர் சங்கத்தின் கீழ் ஓர் அங்கமாக இயங்குங்கள். அவர்களுக்கு வங்கிக் கணக்கும் கூடமும் இருக்கும். பலகை யாருக்குச் சொந்தம், பணம் யார் கையில், பிரிந்தால் எது யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊரிலும் ஆட்டம் தவறாமல் நடக்கத் தொடங்கியதும் பதியலாம். அப்போது, நீங்கள் விளையாட்டு அமைப்பா, பண்பாட்டு அமைப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளையாட்டு அமைப்பு என்றால் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் போக வேண்டும், அலுவலகமே வேறு. தயாராக இருக்கும் சட்டதிட்டத்தை இரு இடத்திலும் காட்டிக் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

பணப்பரிசு வேண்டாம். ஆளுக்குப் பத்து ரிங்கிட் நுழைவுக் கட்டணம் வாங்கி அதைத் திரட்டி வெற்றியாளருக்குக் கொடுத்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு அது பந்தயம். சூதாட்டச் சட்டம் கடுமையாக உள்ள நாட்டில் சோழி உருட்டிப் பணம் மாறுகிறது என்ற பேச்சு ஒரு தடவை வந்தால், கோயில் மண்டபமும் பள்ளிக்கூடமும் கதவை மூடிவிடும். கட்டணம் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும், கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். முதல் பரிசாக நல்ல மரப் பலகை ஒன்று, 70 சோழியோடு. உங்கள் சின்னத்தை அதில் பொறித்துக் கொடுங்கள்.